கருமை வேண்டுமாம், கரியவள் வேண்டாமாம்!

பள்ளி ஆண்டு விழா. இராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூர். கிழக்கே கொல்லிமலை நீலக்கோடாய்ப் படுத்திருக்கும். ஒன்பதாம் வகுப்பு மாணவியர் தாமே கூடி எழுதிய நாடகம் அரங்கேற இருந்தது. பெயர், 'மின்னல் மங்கை'. திருமணிமுத்தாற்றிலே சாயக் கழிவைத் திறந்துவிடுவோரை, இடியைக் கையிலேந்தி வந்து எதிர்க்கிறாள் ஒருத்தி. வானிலே பறப்பாள், லாரியை ஒரு கையால் தூக்குவாள், அஞ்சி ஓடும் ஊராரை 'நில்' என்று நிறுத்துவாள். அமெரிக்கப் படங்களைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகள் 'சூப்பர் ஹீரோ' என்று அழைக்கிறார்களே, அந்த மாவீரர் கூட்டத்திலே நம் ஆற்றங்கரைக்கும் ஒருத்தி வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். நல்ல ஆசை!

யார் மின்னல் மங்கை? கேள்வி எழுந்தது, விடையும் வகுப்பிலேயே இருந்தது. ல, ள, ழ மூன்றையும் பிசகாமல் ஒலிப்பவள். எழுதிக் கொடுத்ததை இருமுறை படித்தால் மும்முறை நடித்துக் காட்டுபவள். கடைசி வரிசைக்கும் கேட்கும் கணீரென்ற குரலுக்கு உரியவள். நாடகத்தின் பாதியை எழுதியவளும் அவளே. கரியவள். விடுமுறை நாட்களில் தாயோடு குச்சிக்கிழங்குக் காட்டிலே களை வெட்டி, வெயில் அந்தக் கருமைக்கு மேலும் மெருகேற்றிய மேனி.

"மேடை விளக்கிலே அந்தப் புள்ள மூஞ்சி எடுக்காதுங்க டீச்சர்" என்றார் மூத்த ஆசிரியை ஒருவர். தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. அடுப்பிலே பால் பொங்குகிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். எவரும் மறுத்தாரில்லை. நானும் மறுக்கவில்லை. மறுக்காதது மட்டுமா? வழியும் வகுத்துக் கொடுத்தேன்! சிவந்த மாணவி ஒருத்தி மேடையில் நின்று வாயசைக்கட்டும். இவள் திரைக்குப் பின்னே ஒலிபெருக்கியில் பேசட்டும் என்றேன். அழகுக்கு அழகும் ஆயிற்று, குரலுக்குக் குரலும் ஆயிற்று என்று பாராட்டும் பெற்றேன்.

ஒத்திகை முடிந்த அன்று அவள் என்னிடம் வந்தாள். அழவில்லை, குறையிரக்கவில்லை. ஒரே ஒரு ஐயம் கேட்டாள்: "கடைசியில எல்லாரும் வணக்கம் சொல்றப்ப நானும் வெளிய வரலாங்களா டீச்சர்? இல்ல, உள்ளாறயே நிக்கட்டுங்களா?"

என் நிறமும் அவள் நிறமே. பத்தாம் வகுப்புக் குழுப்படத்திலே, 'நீ பின்னால் போம்மா' என்று நிறுத்தப்பட்டவள்தான் நான். இருந்தும் செய்தேன். ஏன் செய்தேன் என்று எண்ணிப் பார்த்தபோதுதான், நான் வகுத்த வழி என் வழியல்ல, படவுலகம் பல்லாண்டுகளாக நடந்து நடந்து தேய்த்து வைத்திருக்கும் பாதை அது என்பது தெரிந்தது.

சரிதாவை அறியாதார் யார்? 1978-ஆம் ஆண்டு பாலசந்தரின் 'மரோ சரித்ரா' என்னும் தெலுங்குப் படத்திலே, பதின்பருவப் பெண்ணாய், மாநிறத்திலும் சற்று மிகுந்த கருமையோடு, பெரிய கண்களோடு திரையில் தோன்றினார். தெலுங்குப் படம், அதிலும் வண்ணமில்லாக் கருப்பு வெள்ளைப் படம், தமிழாக்கமும் செய்யப்படவில்லை. சென்னையிலே அது ஓராண்டுக்கு மேல் ஓடிற்று! பின்னர்த் 'தண்ணீர் தண்ணீர்' (1981), 'அச்சமில்லை அச்சமில்லை' (1984) என்று நடித்து, நடிப்பென்றால் இது என்று காட்டினார். அதே சரிதா, தொண்ணூறுகளிலே என்ன ஆனார்? குரலானார்! நக்மா, விஜயசாந்தி, சௌந்தர்யா என்று ஒளிர் மேனியர் பலருக்குத் திரைக்குப் பின்னின்று தமிழ் பேசினார். மொழி அறியாதார்க்குக் குரல் தருவது ஒரு தொழில், குற்றமன்று, அதையும் அவர் கலையாகவே செய்தார். கேள்வி வேறு. தமிழ் அறிந்த, நடிப்பறிந்த, நாடறிந்த ஒருவர் திரைக்குப் பின்னே நிற்க, தமிழ் அறியாத பலர் திரைக்கு முன்னே நின்றார்களே, அந்த ஏற்பாட்டிலே நிறத்துக்குப் பங்கே இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா?

நடிகர் தேர்விலே நிறம் என்று பேசத் தொடங்கினால், 'வெள்ளைத்தோல் மோகம்' என்று ஒரு சொல்லால் முடித்துவிடுகிறார்கள். அத்தனை எளிதன்று. மோகம் மட்டும் என்றால், கருநிறத்தையே கதையில் சேர்க்காமல் விட்டிருப்பார்களே! சேர்க்கிறார்கள். கருமைக்காகக் கண்ணீர் வடிக்கிறார்கள், கருமையைப் பாடுகிறார்கள், விருதும் வாங்குகிறார்கள். கரியவளை மட்டும் அழைப்பதில்லை.

1963-க்குச் செல்வோம். ஏ.வி.எம். நிறுவனம் எடுத்த 'நானும் ஒரு பெண்', வங்க நாடகம் ஒன்றைத் தழுவியது, ஏ.சி. திருலோகசந்தர் இயக்கியது. கருநிறத்தாள், கல்வியில்லாதாள் என்று செல்வர் வீட்டிலே இழிவுபடும் மருமகள் கல்யாணியின் கதை. கணவராக எஸ்.எஸ். இராசேந்திரன், மாமனாராக ரங்காராவ். தமிழ்ப் படத்துக்குரிய தேசிய விருதும் அந்த ஆண்டு அதற்குக் கிடைத்தது. எங்கள் வீட்டுப் பாட்டியார் அந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது, படம் என்றே சொல்லமாட்டார். 'நம்ம கதை' என்பார். கொட்டகையிலே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுத கருநிறப் பெண்கள் எத்தனை ஆயிரமோ! அந்தக் கண்ணீருக்குக் காரணமான படத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் கல்யாணி யார்? விஜயகுமாரி. கருநிறம், பூச்சு! மறு ஆண்டு இந்தியிலே அக்கதை சென்றபோது கல்யாணியின் இடத்திலே மீனாகுமாரி. அதற்கும் அடுத்த ஆண்டு தெலுங்கிலே சாவித்திரி. மூன்று மொழி, மூன்று தலைசிறந்த நடிகையர், மூன்று முறையும் அரிதாரம்! கருப்பாய்ப் பிறந்த காரணத்தால் கதவடைக்கப்பட்ட ஒருத்தியின் கதையைச் சொல்ல, கருப்பாய்ப் பிறந்த ஒருத்திக்குக் கதவு திறக்கவில்லை. சீர்திருத்தம் பேசும் நம்மவரும் அன்று உரையாடலைப் பாராட்டினர், உருக்கத்தைப் பாராட்டினர்; ஒப்பனைப் பெட்டியைத் திறந்து பார்த்தோமா? நம் பக்கத்துப் பிழையையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அறுபது ஆண்டு கடந்துவிட்டது, இன்று அப்படியா என்பீர்கள். 2021-இல் 'ஜெய் பீம்' வந்தது. இருளர் குடியிலே பிறந்த செங்கேணி, காவல் நிலையத்திலே கணவனைப் பறிகொடுத்து, வயிற்றுப் பிள்ளையோடு நீதிமன்றப் படியேறுகிறாள். லிஜோமோல் ஜோஸ் உயிரைக் கொடுத்து நடித்தார்; இருளர் மக்களோடு தங்கிப் பழகி அவர்தம் வாழ்வைக் கற்று நடித்தார் என்பதும் மெய். அந்த உழைப்புக்குத் தலை வணங்குவோம். ஆயினும் அவர் மேனியின் கருமை, பூசப்பட்ட கருமை. இந்தியிலும் இதுவே கதை: கருநிறப் பெண்ணின் துயரையும் பேசிய 'பாலா' (2019) படத்திலே, பூமி பெட்னேகருக்குக் கருப்பு பூசினார்கள்.

'நடிப்பு என்பதே மற்றொருவராய் மாறுவதுதானே? கிழவராய் நடிக்க நரை பூசவில்லையா? கருப்பாய் நடிக்கக் கருப்பு பூசினால் என்ன?' என்று கேட்பார் உண்டு. வலுவான கேள்விதான், நானும் சில நாள் இதிலே தடுமாறினேன். பிறகு ஒன்று தோன்றிற்று. பூச்சு ஒரு வழிப் பாதையாக மட்டும் இருப்பானேன்? வெளிர் மேனியாளைக் கரியவள் ஆக்குகிறீர்களே. கரியவள் ஒருத்தியை அழைத்து, அரசகுமாரி என்று சொல்லி, பூச்சு பூசியோ பூசாமலோ அரியணையில் அமர்த்தியது எத்தனை படத்தில்? கரியவளுக்கு வெளிர் வேடம் இல்லை; கரிய வேடமும் இல்லை. இரண்டும் மற்றவளுக்கே என்றால், அதற்குக் கலை என்று பெயரிடலாமா? பந்தியிலே இரண்டு இலையும் ஒருவருக்கே போடுவதை விருந்து என்று சொல்வோமா?

இதற்கும் கீழே ஒரு படி உண்டு. அதற்கும் இறங்கினோம். 1963-இல் கருநிறத்துக்காக நம்மை அழ வைத்த அதே ஏ.வி.எம்., 2007-இல் சிரிக்க வைத்தது. 'சிவாஜி' படத்திலே, பெண் தேடும் நாயகனுக்கு முன்னே, முகமெல்லாம் கருமை பூசிய இரு பெண்களை நிறுத்தினார்கள். அவர்களைக் கண்டு நாயகன் கூட்டம் அலறவேண்டும், அரங்கம் சிரிக்கவேண்டும். அவர்களுக்கு வைத்த பெயரென்ன? அங்கவை, சங்கவை! பறம்புமலைப் பாரியின் பெண்மக்களுக்கு மரபு வழங்கும் பெயர். தந்தையையும் நாட்டையும் இழந்து, நிலவைப் பார்த்து அவர்கள் கலங்கி நின்ற பாட்டு புறநானூற்றிலே இருக்கிறது. அதைத்தான் நான் வகுப்பிலே நடத்துகிறேன். 'பாரி மகளிர்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், பின் வரிசையிலே கமுக்கமாய் ஒரு சிரிப்பு. படம் வந்தபோது பிறந்தேயிராத பிள்ளைகள்! தொலைக்காட்சி இருக்கிறதே, மறக்க விடுமா? அங்கவை என்பது எங்கள் ஊர்ப் பள்ளிகளிலே கரிய பெண்ணைக் கேலி செய்யும் பட்டப்பெயர் ஆகிவிட்டது. ஈராயிரம் ஆண்டுச் செல்வத்தை ஐந்து நிமிட நகைச்சுவைக்கு விற்ற வாணிகம் இது.

அதே படத்திலே நாயகனுக்கு வேறொரு பாடம். கருப்பாய் இருக்கிறாய் என்ற குறை தீர, சிவப்பாக முயல்கிறான் அவன். ஒரு பாடலிலே அவனை வெள்ளையனாகவே காட்டுகிறார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் தோல் நிறத்தைக் கணினியால் எடுத்து, இரஜினிகாந்தின் மேனியிலே ஒட்டினார்கள். எத்தனை பேர் உழைப்பு, எத்தனை நாள் வேலை! எதற்கு? இந்த நாட்டிலே கருநிறத்தவன் தலைநிமிர்ந்து நாயகனாய் நடக்கலாம் என்று முப்பது ஆண்டுகளாய்க் காட்டி வந்த ஒருவரை, ஒரு பாட்டு நேரத்துக்கு வெளுக்க வைப்பதற்கு!

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். இரஜினிகாந்த் நாயகனானார், விஜயகாந்த் நாயகனானார். (அவரைக் 'கருப்பு எம்.ஜி.ஆர்.' என்று அழைத்தது நம் அன்பு. எந்த நடிகரையேனும் 'வெள்ளை' என்று அடைமொழி சேர்த்து அழைத்தோமா என்பது வேறு கேள்வி.) ஆண் கருப்பாயிருந்தால் அது வீரம், வெயில், உழைப்பு. 'காலா' (2018) கருமையை உழைப்பின் நிறமென்றே உயர்த்திப் பேசிற்று, மகிழ்ந்தோம். ஆனால் கரிய நாயகனுக்குக் கரிய நாயகி? 'வீடு', 'தாசி' படங்களுக்காக இருமுறை தேசிய விருது பெற்ற அர்ச்சனாவுக்கு, அந்த விருதுக்குப் பின்னும் வணிகப் படங்களின் வாயில் அகலத் திறக்கவில்லையே! கருமை ஆணுக்கு அணி, பெண்ணுக்குப் பிணி! இதுதான் நம் திரையின் எழுதாச் சட்டம்.

நம் திரையின் சட்டம் மட்டுந்தானா? பிள்ளைகள் கொண்டாடும் அந்தச் சூப்பர் ஹீரோக்களின் நாட்டுக்கும் போய்ப் பார்த்தேன். கால்நடையாய் அல்ல, கைப்பேசி வழியாய். அங்கும் இதே சட்டம்! 1998-இல் 'பிளேடு' என்ற படத்திலே வெஸ்லி ஸ்னைப்ஸ் என்னும் கருநிற நடிகர் மாவீரனாய் வந்தார், படம் வென்றது. ஆண் அல்லவா! ஆனால் 'ஸ்டார்ம்' என்றொரு வீராங்கனை உண்டு. 1975-இல் படக்கதை ஏட்டிலே பிறந்தவள். கென்ய நாட்டுத் தாயின் மகள். காற்றும் மழையும் மின்னலும் அவள் ஏவல் கேட்கும். ஏறக்குறைய எங்கள் மின்னல் மங்கை! ஏட்டிலே அவள் நல்ல கருநிறத்தாள். திரைக்கு வந்தபோது, 2000-இல் ஹாலி பெரி, 2016-இல் அலெக்சாண்டிரா ஷிப். இருவரும் கருப்பினத்தாரே, திறமையிலும் குறைவில்லை. எனினும் ஏட்டுக் கருமை திரையிலே இருமுறையும் வெளிறிப் போயிற்று என்று அந்நாட்டுக் கருப்பினப் பெண்களே குறை கூறினார்கள். வெள்ளையர் கருப்பரை ஒதுக்குவது பழங்கதை. கருப்பினத்துக்குள்ளேயே வெளிர்ந்தாரைத் தேர்ந்தெடுத்து, 'இதோ இடம் கொடுத்துவிட்டோம்' என்று கணக்குக் காட்டுவது புதுக்கதை.

அரிதாரக் கதையும் அங்கு உண்டு. நீனா சிமோன் என்னும் புகழ்பெற்ற பாடகி. கருநிறமும் அகன்ற மூக்கும் தன் பெருமை என்று நிமிர்ந்து நின்றவர். அவர் வரலாற்றை 2016-இல் படமாக்கியபோது, ஸோயி சால்டானாவை அழைத்து, கருப்பு பூசி, செயற்கை மூக்கு ஒட்டினார்கள். கண்டனம் எழுந்தது. 2020-இல் அந்த நடிகையே, நான் அந்த வேடத்தை ஏற்றிருக்கக் கூடாது என்று வருந்தி மன்னிப்பும் கேட்டார். இதே நடிகை வேறு படத்திலே, வேற்றுலகப் பெண்ணாய் உடலெங்கும் பச்சை பூசி வந்தவர். அதற்கு யாரும் சினக்கவில்லை. ஏன் சினக்கவேண்டும்? பச்சை பூசுவதால் வேலை இழக்கும் பச்சை மனிதர் எங்கும் இல்லையே!

அப்படியானால் இதற்கு விடிவே இல்லையா? 2018-இல் வந்தது 'பிளாக் பேந்தர்'. ரையன் கூக்ளர் இயக்கிய அந்தப் படத்திலே, வகாண்டா என்றொரு கற்பனை ஆப்பிரிக்க நாடு. அதன் அரசன் சாட்விக் போஸ்மன். என் கண் அரசன்மீது நிற்கவில்லை. அரியணையைச் சுற்றி நின்ற பெண்கள்மீது நின்றது. லுபிட்டா நியாங்கோ, டனாய் குரீரா, லெட்டீஷியா ரைட். ஒருத்தி ஒற்றர், ஒருத்தி படைத்தலைவி, ஒருத்தி அறிவியல் மேதை, மூவரும் கருநிறத்தார், ஒருவர்மீதும் வெளுப்பு இல்லை, ஒருவரும் கருமைக்காக அழவில்லை! கருமையைப் பற்றிப் பேசாமலே கரியவர் வாழும் கதை. நம் படங்களிலே கரியவள் வந்தால், அவள் நிறந்தான் அவள் கதை. வேறு கதை அவளுக்குக் கிடையாது. அந்தப் படத்துக்கான தேர்விலே, அமாண்ட்லா ஸ்டென்பெர்க் என்னும் கலப்பினத்து வெளிர்நிற நடிகை, இது கருநிறத்தாருக்கு உரிய இடம் என்று தாமே விலகிக் கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். தேர்வு செய்வோர் மட்டுமன்றி, தேர்ந்தெடுக்கப்படுவோரும் நிறத்தைப் பற்றிச் சிந்திக்கலாம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இலாபம்? உலகெங்கும் 130 கோடி டாலருக்கு மேல் வசூல்!

'மக்கள் ஏற்கமாட்டார்கள்' என்று கைவிரிக்கும் நம் தயாரிப்பாளர்கள் இந்தக் கணக்கைப் படிக்கட்டும். ஆப்பிரிக்கக் கணக்கு வேண்டாமா? சென்னையில் ஓராண்டுக்கு மேல் ஓடிய அந்த மொழி புரியாத கருப்பு வெள்ளைப் படத்தின் கணக்கைப் படிக்கட்டும். ஏற்க மறுத்தது எந்த மக்கள்?

நம் பக்கத்துச் சூப்பர் ஹீரோக்களைப் பார்ப்போம். 2021-இல் மலையாளத்திலே 'மின்னல் முரளி' வந்தது. பேசில் ஜோசப்பின் படம். எங்கள் மாணவியர் நாடகத்துக்குப் பெயர் கொடுத்ததும் அதுவே. ஒரே இரவு, மின்னல் இருவரைத் தாக்குகிறது. ஒருவன் தையல்காரன், டொவினோ தாமஸ், அழகன், வீரனாகிறான். மற்றவன் தேநீர்க்கடைக் கூலி, ஊரார் ஒதுக்கிவைத்த ஷிபு. நம் தமிழ்நாட்டுக் கலைஞர் குரு சோமசுந்தரம். இவனுக்கும் அதே ஆற்றல். ஆனால் இவன் கொடியவனாகிறான். (பழைய சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாயிருந்த தருமபுரி மண்ணின் கதையை 'ஜோக்கர்' படத்திலே தோளில் சுமந்தாரே, அவரேதான்.) ஷிபுவின் காதலும் கண்ணீரும் வீரனின் பறத்தலைக் காட்டிலும் நம்மை உருக்குகின்றன, படமும் அவனுக்கு இழைக்கப்பட்ட அநீதியை அறிந்தே எடுக்கப்பட்டது. அந்த அறிவுக்கு நன்றி. ஆனாலும் வானத்து மின்னல் வேறுபாடு பார்க்காமல் இருவர்மீதும் விழுந்ததே. அதைப் பங்கிட்ட மனிதக் கை, வீரத்தை வெளிர்ந்தவனுக்கும் வெறியைக் கரியவனுக்கும் அளந்து கொடுத்துவிட்டதே!

2025-இல் மீண்டும் மலையாளத்திலே 'லோகா'. பெண்ணொருத்தி மாவல்லமையோடு வந்தாள், மகிழ்ச்சி. காட்டுக் குடியிலே பிறந்தவள் என்கிறது கதை. வந்து நின்றவர் கல்யாணி பிரியதர்ஷன். நன்றாகவே நடித்தார். காட்டுக் குடியின் மகளுக்கு அந்த முகமா என்று எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவரேனும் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நம் கண்களுக்கு அவ்வளவு பழக்கம்!

தமிழிலே 'மாவீரன்' (2023). படக்கதை வரைபவன் ஒருவனுக்குத் தன் வீரனின் குரல் காதில் கேட்க, அவனே வீரனாகிறான். அந்த வீரனின் தாய் யார் தெரியுமா? சரிதா! நீண்ட இடைவெளிக்குப் பின் தமிழ்த் திரையிலே அந்த முகம். கொட்டகையிலே நான் கைதட்டினேன். தட்டிக்கொண்டே எண்ணினேன்: இவருக்கு இருபது வயதாயிருந்தபோது இப்படியொரு கதை எழுதப்பட்டிருந்தால், வீரனின் தாயாக அல்ல, வீராங்கனையாகவே அழைத்திருப்பார்களா?

சேலத்துக்காரர்களுக்கு இதைக் கேட்கும் உரிமை சற்றுக் கூடுதலாகவே உண்டு. 1935-இல் டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்சைத் தொடங்கியது எங்கள் சேலத்தில். முழுவதும் வண்ணத்தில் அமைந்த முதல் தமிழ்ப் படமாகிய 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் அங்கிருந்துதான் வந்தது. இன்று ஏற்காடு சாலையிலே அதன் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. மாணவியரைச் சுற்றுலா அழைத்துச் சென்றபோது பேருந்தை நிறுத்திக் காட்டினேன். தமிழ்த் திரைக்கு வண்ணம் தந்த வாயில் இது என்றேன். "எல்லா வண்ணமுமாங்க டீச்சர்?" என்றாள் ஒருத்தி. குறும்புக்காரி, நான் எதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாது.

கருமையை அழகென்று அறியாத மொழியா நம் மொழி? சங்க அகப்பாட்டிலே தலைவியை 'மாயோள்' என்று அழைக்கிறார்கள். கரிய மேனியாள் என்பதே அதன் பொருள். காதலன் வாயால் வரும் சொல், கேலியன்று, கொஞ்சல். பிரிவால் அவள் மாமை நிறம் கெட்டு வெளிறிப் பசலை பாய்ந்தால், அது நோய்! வெளிறுவது நோய் என்று பாடிய மொழியிலே, 1975 முதல் வெளுக்கவைக்கும் களிம்பை விற்றார்கள். 2020-இல் அதன் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லை மட்டும் நீக்கிக் 'குளோ' என்று மாற்றி, இன்றும் விற்கிறார்கள். எங்கள் பக்கத்துத் தெருக்கூத்திலே பாஞ்சாலி வருவாள். அவளுக்குக் கிருஷ்ணை, அதாவது கரியவள், என்றே பெயர் உண்டு. திரையிலும் தொலைக்காட்சியிலும் வரும் பாஞ்சாலியைப் பாருங்கள்! ஊர் எல்லையிலே அரிவாளோடு நிற்கும் கருப்பனாரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஊரைக் காக்க இரவெல்லாம் குதிரையேறி வரும் வீரன் ஒருவனைக் கற்பனை செய்யச் சொன்னபோது, எங்கள் முன்னோர் அவனைக் கருப்பனாகத்தான் கற்பனை செய்தார்கள் என்பதைக் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

விழா நாளன்று என்ன நடந்தது என்று சொல்லவில்லையே. நாடகம் நன்றாகவே நடந்தது. சிவந்த பெண் வாயசைத்தாள். கரியவள் குரல் ஊரெல்லாம் அதிர்ந்தது. வணக்கம் சொல்லும் நேரம், வெளியே வா என்று நான் கையசைத்தேன். அவள் வரவில்லை. ஒலிபெருக்கிக் கம்பியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

இவ்வாண்டு பத்தாம் வகுப்பு. நாடகத்தை மீண்டும் போடுகிறோம். நீயே மின்னல் மங்கை, பவுடர் ஒரு துளியும் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். "குரலுக்கு மட்டும் வர்றேனுங்க டீச்சர், அதுதான் எனக்கு நல்லா வருது" என்கிறாள். எத்தனை முறை சொன்னாலும் அதே விடைதான். வெள்ளிக்கிழமை மாலை ஒத்திகை. அவள் வீட்டுக்கு நாளை நானே நடந்து போய்க் கேட்கப் போகிறேன்; தாயையும் வைத்துக்கொண்டு, சென்ற ஆண்டு அந்த ஏற்பாட்டைச் சொன்னது யார் என்பதையும் சொல்லிவிட்டு.